அறிஞர் வாசித்த நூல்களும் உளவியலின் வரலாறும்: கேள்வி பதில்

கொழும்பில் நூலகராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எமது வாசிப்பு வட்ட உறுப்பினர், ஏனைய உறுப்பினர்களின் வினாக்களுக்கு எழுதிய விடைகள்.

வெள்ளவத்தை வாசகி: ஐயா, உளவியல் விரிவுரையாளராக இருந்த என் தந்தையார் இரண்டு அலுமாரி நிறைய நூல்களை விட்டுச்சென்றிருக்கிறார். அவற்றில் பெரும்பாலானவை வேறு நூலகங்களிலும் கிடைக்கும். அவற்றைப் பிரிக்காமல் வைத்திருப்பதில் பயன் உண்டா?

உண்டு, அம்மா. நூல்கள் வேறிடத்தில் கிடைக்கும். உங்கள் தந்தையார் அவற்றை வாசித்த விதம் வேறிடத்தில் கிடைக்காது. சார்ள்ஸ் டார்வினின் நூல்களைப் பாருங்கள். பென்சிலால் ஓரக்குறிப்பு எழுதி, முக்கியமான பக்கங்களின் எண்களைத் தனித்தாளில் குறித்து நூலின் பின்புறத்தில் இணைத்து வைப்பது அவர் வழக்கம். கனமான நூலாயின், கையில் பிடிக்க இலகுவாக இருக்கட்டும் என்று இரண்டாகவே அறுத்துவிடுவார். பழைய புத்தகக் கடையில் அத்தகைய பிரதிக்கு மதிப்பிராது. ஆயினும், உணர்ச்சிகளைப் பற்றி அவர் 1872இல் வெளியிட்ட நூலின் சிந்தனை எங்கிருந்து புறப்பட்டது, எந்த வரியில் அவர் ஐயுற்றார் என்பதை அறிய விரும்பும் ஆய்வாளருக்கு அந்தக் கிழிந்த பிரதிதான் சான்று.

தெஹிவளை வாசகர்: அந்த நூலில் இலங்கை பற்றிய குறிப்பு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே. பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், பிடித்துக் கட்டப்பட்ட யானைகள் அசைவற்றுக் கிடந்து இடைவிடாது கண்ணீர் வடித்ததாக எழுதியிருந்தார். டார்வின் அதை மேற்கோள் காட்டியதோடு நின்றுவிடவில்லை. இங்கிருந்த கிளெனி என்ற பாதிரியாரைக் கொண்டு, புதிதாகப் பிடிக்கப்பட்ட யானைகளைக் கவனிக்கச் செய்தார். அவை அழுததை அவர் காணவில்லை. யானை அழுது கண்டதில்லை என்று உள்ளூர் வேட்டைக்காரரும் கூறினர். இருந்தும், இலண்டன் விலங்குக் காட்சிச்சாலைக் காவலரின் உறுதிமொழி டெனன்டின் விவரத்துக்குத் துணைநின்றதால், டார்வின் அதை ஏற்றுக்கொண்டார். வாசித்த ஒரு வரியை மறுகரையிலிருந்த ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்து, மாறான விடையையும் மறைக்காமல் அச்சிட்ட அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பம்பலப்பிட்டி மாணவர்: உளவியலின் முதல் ஆய்வுகூடத்தை நிறுவிய வுண்ட்டின் நூல்கள் யப்பானுக்குப் போனது எப்படி?

வில்ஹெல்ம் வுண்ட் 1879இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் ஆய்வுகூடத்தை அமைத்து, 1920இல் காலமானார். முதலாம் உலகப் போருக்குப் பின்னர் ஜேர்மன் நாணயம் மதிப்பிழந்துகொண்டிருந்த வேளையில், வெளிநாட்டுப் பணத்துக்கு அறிஞர்களின் நூற்றொகுதிகள் பல விற்பனைக்கு வந்தன. அப்போது லைப்சிக்கில் இருந்த யப்பானிய உளவியலாளர் சிபா தனேநாரியின் முயற்சியால் வுண்ட்டின் நூற்றொகுதியின் பெரும்பகுதி செண்டாய் நகரின் தொஹொக்கு பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தது. நூல்களும், ஆய்விதழ்க் கட்டுரைகளைத் தனித்தனியே அச்சிட்ட தனிப்பிரதிகளுமாக அது பதினைந்தாயிரத்தைத் தாண்டும். அந்தத் தனிப்பிரதிகளையே நான் பொக்கிஷமாகக் கருதுகிறேன். உலகெங்குமிருந்து அவருக்கு அனுப்பப்பட்ட அந்த மெல்லிய தாள்கள், வுண்ட் யார் யாருடன் தொடர்பிலிருந்தார் என்பதைக் காட்டுகின்றன. விலைப்பட்டியல் போடுபவர் முதலில் கழித்துவிடுவதும் அவற்றைத்தான்.

அதே மாணவர்: உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய பிராய்டின் நூல்கள்?

பிரிந்துபோயின. 1938இல் வியன்னாவை விட்டு வெளியேறியபோது ஒரு பகுதியை இலண்டனுக்கு எடுத்துச் சென்றார். ஏறத்தாழ 800 நூல்கள் வியன்னா வணிகர் ஒருவர் வழியாக நியூயோர்க்கைச் சென்றடைந்தன. அவருடைய வாசிப்பை முழுமையாக அறிய விரும்புபவர் இரு கண்டங்களிலும் தேட வேண்டும்.

கொட்டாஞ்சேனை வாசகர்: எல்லாவற்றையும் மின்வருடி எடுத்துவிட்டால் போதாதா?

பெரிதும் உதவும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஓலைச்சுவடிகளையும் தீயில் இழந்த நாங்கள், படியெடுத்து வைப்பதன் அருமையை யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் மின்வருடுபவர் பொதுவாகத் தூய்மையான பிரதியைத் தேடுவார். தனியார் நூற்றொகுதிக்கு அது நேர்மாறு: எழுதிக் கறைபட்ட பிரதியே வேண்டும், அட்டை, வெற்றுத்தாள், இடையில் செருகிய பற்றுச்சீட்டு வரை எடுக்க வேண்டும்.

வெள்ளவத்தை வாசகி: அப்படியானால் நான் எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நூலையும் இறக்குமுன் ஒவ்வொரு தட்டையும் புகைப்படம் எடுங்கள். எது எதன் அருகில் இருந்தது என்பதும் ஒரு குறிப்பே. செருகிய துண்டுகளை எடுப்பதாயின், பக்க எண்ணைப் பென்சிலால் அத்துண்டிலேயே எழுதுங்கள். துருப்பிடித்த ஊசிகளை மெதுவாகக் கழற்றுங்கள்; ஒட்டுநாடா வேண்டவே வேண்டாம். கடற்காற்றும் ஈரமும் மிகுந்த உங்கள் பகுதியில் பொலித்தீன் பைக்குள் நூலைக் கட்டிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். கறையானும் ஈரமும் பெரும்பாலும் சுவர் வழியாகவே வரும். பின்னர் ஏதேனும் நூலகத்துக்குக் கொடுக்க எண்ணினால், தொகுதியை ஒன்றாக வைப்பார்களா, இயலாவிடின் ஒவ்வொரு நூலிலும் உங்கள் தந்தையாரின் பெயரைப் பதிவார்களா, ஏற்கெனவே உள்ள பிரதி என்று கழித்துவிடுவார்களா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.