விண்மீன் பிறக்கும் மேகங்களில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன்தானே, ஏன் வானியலாளர்கள் கார்பன் மோனாக்சைடைத் தேடுகிறார்கள்?

ஹைட்ரஜன் மூலக்கூறு ஒத்த இரு அணுக்களால் ஆனது; அதற்கு மின் இருமுனை (ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின் என்ற பிரிவு) கிடையாது, அதனால் எளிதில் கதிர்வீசாது. அதன் முதல் சுழற்சி உமிழ்வுக்கே (மூலக்கூறின் சுழற்சி தணியும்போது வெளிவரும் கதிர்வீச்சுக்கே) சுமார் 500 கெல்வின் வெப்பநிலைக்கு ஈடான ஆற்றல் வேண்டும். மேகமோ 10, 20 கெல்வினில் உறைந்து கிடக்கிறது. ஆகவே ஹைட்ரஜன் வாய் திறப்பதில்லை.

கார்பன் மோனாக்சைடு அப்படியல்ல. பத்தாயிரம் ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும், ஆனாலும் 5.5 கெல்வினே போதும், 2.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில் ஒளிரும். 1970இல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் மூவரும் அமெரிக்காவின் கிட் பீக் ரேடியோ தொலைநோக்கியில் ஓரியன் நெபுலாவில் இதைக் கண்டார்கள். (பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சைக் கண்டறிந்த அதே பென்சியாஸ், வில்சன்தான்!)

சிக்கல் ஒன்று உண்டு. அடர்ந்த பகுதிகளில் இந்த உமிழ்வு தன்னையே மறைத்துக்கொள்ளும். மேகத்தின் மேற்பரப்புதான் தெரியும். உள்ளே பார்க்க கார்பன்-13, ஆக்சிஜன்-18 என்ற கனமான அணுக்களைக் கொண்ட அரிய கார்பன் மோனாக்சைடு வகைகளையும், அம்மோனியா, கார்பன் மோனோசல்ஃபைடு போன்றவற்றையும் நாட வேண்டும். என்னைக் கேட்டால், கார்பன் மோனாக்சைடின் நிறமாலைக் கோட்டின் (குறிப்பிட்ட அலைநீளத்தில் தெரியும் அந்த உமிழ்வின்) பிரகாசத்தைவிட அதன் அகலமே சுவையானது. பெருநிறை விண்மீன்கள் உருவாகும் ஓரியன் மேகத்தின் கேஎல் பகுதியில் அது டாப்ளர் விளைவால் (வாயுவின் வேகத்துக்கேற்ப அலைநீளம் மாறுவதால்) வெகுவாக விரிந்திருக்கிறது: வாயு அங்கிருந்து நொடிக்குப் பல பத்து கிலோமீட்டர் வேகத்தில் பீறிட்டு வெளியேறுகிறது.