ஸ்கேனில் உள்காதுக் குறை என்று வந்தால்

கேள்வி: என் மகளுக்கு இரண்டு வயது, இன்னும் பேச்சு வரவில்லை. பெரா என்ற கேட்புச் சோதனையில் இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு என்றார்கள். ஸ்கேனில் 'மாண்டினி, வெஸ்டிபுலார் குழாய் விரிவு' என்று வந்திருக்கிறது. உள்காதே சரியில்லை என்றால் காக்ளியர் இம்ப்ளான்ட் பயன் தருமா? கிரகணத்தில் வெளியே போனதுதான் காரணம் என்கிறார் மாமியார். நான் தாய்மாமனைக் கட்டியவள்.
- ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. காக்ளியா, அதாவது உள்காதில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் கேட்பு உறுப்பு, கருவின் எட்டாவது வார வாக்கிலேயே சுருண்டு உருவாகிவிடுகிறது. இந்த வகைக் குறைக்குப் பல குழந்தைகளிடம் மரபணுதான் காரணம். தாய், தகப்பன் இருவரிடமும் அந்த மாற்றம் வெளியே தெரியாமல் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் மணம் முடித்தவர்களில் இருவரிடமும் ஒரே மாற்றம் இருக்கும் சாத்தியம் கூடுதல். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. ஆனால் அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை பெறுங்கள்.

சரி, இம்ப்ளான்ட், அதாவது கேட்பு நரம்பை நேரடியாகத் தூண்ட காக்ளியாவுக்குள் வைக்கும் கருவி, விஷயத்துக்கு வருவோம். காக்ளியா வழக்கமாக இரண்டரைச் சுற்று சுருண்டிருக்கும். மாண்டினி என்ற பிறவிக் குறையில் ஒன்றரைச் சுற்றுதான். அடிச்சுற்று பெரும்பாலும் நன்றாகவே இருப்பதால், இந்தக் குழந்தைகளில் பலர் இம்ப்ளான்ட் வைத்து நன்றாகப் பேசுகிறார்கள். காக்ளியாவே இல்லாதவர்களுக்குத்தான் அது பொருந்தாது. கேட்பு நரம்பு இல்லாவிட்டாலும், மிக மெலிந்திருந்தாலும் சிக்கல்தான். ஆகவே மருத்துவரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, "நரம்பு இருக்கிறதா?" என்பதுதான். சி.டி. எலும்பைக் காட்டும், நரம்பைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும்.

அதுவரை சும்மா இருக்காதீர்கள். காது மெஷினும் பேச்சுப் பயிற்சியும் இப்போதே தொடங்கட்டும். "எங்க வீட்ல எல்லாரும் லேட்டாத்தான் பேசினோம்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், இந்த வயதில் போகும் ஒவ்வொரு மாதமும் பேச்சுக்கு இழப்பு.

ஸ்கேனில் சொன்ன வெஸ்டிபுலார் குழாய், உள்காதிலிருந்து எலும்பு வழியே போகும் மெல்லிய குழாய்; அது விரிந்த காதில் மிச்சமிருக்கும் கேட்பு, தலையில் சின்ன அடி பட்டாலும் சட்டென்று இறங்கலாம். பைக்கில் டேங்க் மேல் உட்கார வைத்து ஓட்டும் பழக்கத்தை விடுங்கள். கூப்பிட்டால் திடீரெனத் திரும்பாமல் போனாலோ, தள்ளாடினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்தக் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் ஆபத்து சற்று அதிகம். அதைத் தடுக்க உதவும் நியுமோகாக்கல் ஊசி 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் போட்டாயிற்றா என்று அட்டையில் பாருங்கள். இம்ப்ளான்ட்டுக்கு முன் கூடுதல் ஊசியும் தேவைப்படலாம். காய்ச்சலோடு வாந்தியும் கழுத்து விறைப்பும் வந்தால் இரவானாலும் கிளம்பிவிடுங்கள். குழாய் விரிவோடு சிலருக்குப் பின்னாளில் தைராய்டு வீக்கம் வரும், அதையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இம்ப்ளான்ட் வசதி உண்டு. மதுரை பெரியாஸ்பத்திரி காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள். போகும்போது பெரா அறிக்கை, தடுப்பூசி அட்டை, காப்பீட்டு அட்டையோடு ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி தட்டையும் எடுத்துப் போங்கள். எழுத்து ரிப்போர்ட் மட்டும் போதாது. அறுவை செய்பவர் படத்தைத் தானே பார்க்க வேண்டும்.