பிபி மாத்திரை கால்சியத்தைத் தடுக்கிறது, எலும்பு மாத்திரை கால்சியத்தைக் கொடுக்கிறது: இரண்டையும் போடலாமா?

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எனக்கு 57 வயது. ஏழெட்டு மாதமாக பிபிக்கு அம்லோடிபின் 5 மி.கி. போடுகிறேன். எலும்பு அடர்த்தி குறைவு என்று இன்னொரு டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதியிருக்கிறார். அம்லோடிபின் ஒரு 'கால்சியம் சேனல் பிளாக்கர்' என்று மகன் செல்போனில் படித்துக் காட்டினான். ஒருத்தர் அடைக்கச் சொல்கிறார், இன்னொருத்தர் கொட்டச் சொல்கிறார். பயந்துபோய் பால், தயிர், கேழ்வரகு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். சாயந்திரமானால் காலும் வீங்குகிறது. என்ன செய்வது?"

முதலில் தயிரைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகுக் கூழையும்தான். அம்லோடிபினும் கால்சியம் மாத்திரையும் வழக்கமான அளவில் ஒன்றோடொன்று மோதாது. குழப்பம் முழுக்க அந்தப் பெயரால் வந்தது. இதே சந்தேகத்தை மருந்தியல் வகுப்பில் வருடா வருடம் ஏதாவது ஒரு மாணவர் கேட்பார், அதனால் நீங்கள் கேட்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெரிய ஏரி ஒன்று, பக்கத்தில் கிட்டத்தட்ட காய்ந்த வயல், நடுவில் மதகு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரி உங்கள் ரத்தம், வயல் ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் தசை செல்லின் உள்பக்கம், கரை செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு. வெளியே கட்டற்று உலவும் கால்சியத்தின் அளவு, ஓய்வாக இருக்கும் செல்லுக்குள் இருப்பதைப் போல சுமார் 10,000 மடங்கு. இவ்வளவு தண்ணீர் வெளியே முட்டிக்கொண்டு நிற்கும்போது மதகு ஒரு விரல்கடை திறந்தாலே போதும், வயல் நனைந்துவிடும். நனைந்தால் என்ன? உள்ளே வந்த கால்சியம் கால்மாடுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, அது ஒரு நொதியை உசுப்ப, தசை இறுகி, குழாய் சுருங்குகிறது. சின்னத் தமனியின் ஆரம் 10 சதவீதம் குறைந்தாலே அதில் ரத்தம் ஓட எழும் தடை சுமார் 50 சதவீதம் கூடிவிடும், ஏனென்றால் தடை ஆரத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாக மாறுகிறது. பிபி ஏற இது போதும்.

அம்லோடிபின் செய்வது அந்த மதகை ஒருக்களித்து வைப்பது, அவ்வளவுதான். எல்-வகை கால்சியம் வாயில் என்று அந்த மதகுக்குப் பெயர். ஏரியில் இருந்து ஒரு சொட்டைக்கூட அது இறைப்பதில்லை, எலும்புக்குப் போவதையும் தடுப்பதில்லை. அதேபோல நீங்கள் ஒரு கால்சியம் மாத்திரை போட்டதால் ஏரி மட்டம் பெரிதாக ஏறிவிடாது. பாராதைராய்டு ஹார்மோனும் வைட்டமின் டி-யும் ரத்தக் கால்சியத்தை டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மி.கி.க்குள் கட்டிக் காக்கின்றன. பால் தயிரை நிறுத்தினாலும் இந்த அளவு லேசில் இறங்காது, உடம்பு எலும்பை அரித்து ஈடுகட்டிக்கொள்ளும். உங்கள் எலும்புதான் ஏற்கெனவே இளைத்திருக்கிறது! போதாக்குறைக்கு, கால்சியம் குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பிபி கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது, கால்சியம் கொடுத்தால் ஓரிரு புள்ளி இறங்கவும் செய்கிறது. அதை வைத்து பிபிக்கு வைத்தியம் பார்க்க முடியாது, ஆனால் பாலை நிறுத்துவதில் எந்த லாபமும் இல்லை என்று சொல்ல இது போதும்.

அப்படியானால் ரத்தக்கொதிப்பில் தப்பு எங்கே நடக்கிறது? கரையில், அதாவது சவ்வில். மதகு வழியே வந்த கால்சியத்தை வெளியேற்ற செல்லில் பல ஏற்பாடுகள் இருக்கின்றன. சவ்வில் ஒரு பம்பு சக்தியைச் செலவழித்து அதை வெளியே தள்ளும், இன்னொன்று செல்லுக்குள்ளேயே இருக்கும் ஒரு பைக்குள் அடைத்து வைக்கும், மூன்றாவது ஒரு பண்டமாற்று வாசல், மூன்று சோடியத்தை உள்ளே விட்டு ஒரு கால்சியத்தை வெளியே அனுப்பும். இவற்றில் எது மந்தமானாலும் உள்ளே ஈரம் தங்கிவிடும்.

உயிரோடு இருக்கும் ஆளின் ரத்தக்குழாய்த் தசையை வெட்டியெடுத்துப் பார்க்க முடியாது என்பதால் ஆராய்ச்சியாளர்கள் ஊசி குத்தி எடுக்கக்கூடிய ரத்த அணுக்களைப் பிடித்துக்கொண்டார்கள். 1980-இல் அமெரிக்காவில், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களின் சிவப்பணுச் சவ்வில் சோடியத்துக்கு லித்தியத்தை மாற்றிக்கொள்ளும் வேகம் (சவ்வு சோடியத்தைக் கையாளும் விதத்தை அளக்க ஒரு வழி) கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள், அவர்களுடைய நெருங்கிய ரத்த உறவுகள் சிலரிடமும் அது தென்பட்டது. 1984-இல் சுவிட்சர்லாந்துக் குழு ஒன்று, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்குள் இருக்கும் கால்சியத்தை அளந்து பார்த்தபோது பிபி ஏற ஏற அதுவும் ஏறியிருந்தது, மருந்து கொடுத்து பிபியை இறக்கியதும் அதுவும் இறங்கியது. ரஷ்யாவில் போஸ்ட்னோவ், ஓர்லோவ் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் இன்னும் ஒரு படி மேலே போய், உடம்பு முழுக்க உள்ள சவ்வுகளிலேயே கோளாறு என்று வாதிட்டார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகப் படுகிறது, ஏனென்றால் இந்த அளவீடுகள் எல்லா ஆய்வுக்கூடங்களிலும் ஒரே மாதிரி வரவில்லை. ஆனால் 2009-இல் ஆயிரக்கணக்கானவர்களின் மரபணுக்களை அலசியபோது பிபியோடு சேர்ந்து தலைகாட்டியவற்றில் ஏடிபி2பி1 என்ற மரபணுவும் ஒன்று. அது எதற்கான மரபணு என்றால், கால்சியத்தை வெளியே தள்ளும் அதே சவ்வுப் பம்புக்கு! பிற்பாடு எலிகளின் ரத்தக்குழாய்த் தசையில் மட்டும் அதை நீக்கிப் பார்த்தார்கள், பிபி ஏறியது. என்னைப் பொறுத்தவரை பழைய சிவப்பணுக் கதைகளைவிட இதற்குத்தான் எடை அதிகம்.

உப்பு இங்கேதான் உள்ளே வருகிறது. பண்டமாற்று வாசல் ஓட வேண்டுமானால் செல்லுக்குள் சோடியம் குறைவாக இருக்க வேண்டும், அதைக் குறைத்து வைப்பது மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் இன்னொரு பம்பு. இந்தப் பம்பு தளர்ந்தால் உள்ளே சோடியம் சேரும், வாசல் சுணங்கும், கால்சியம் தேங்கும். உப்பு மிஞ்சும்போது உடம்பே இந்தப் பம்பைத் தளர்த்தும் ஒரு பொருளைச் சுரக்கிறது என்று 1977-இல் பிளாஸ்டீன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு கருதுகோளை முன்வைத்தார். அந்தப் பொருள் எது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பொட்டாசியம் கொஞ்சம் கூடினால் அதே பம்பு சுறுசுறுப்பாகிறது, அதனால்தான் காய், பழம், கீரை சாப்பிடச் சொல்கிறோம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் தினமும் தட்டில் இருந்தால் அம்லோடிபின் ஒரு பக்கம் மதகை மூட, நீங்கள் மறுபக்கம் பம்பைத் தளர்த்துகிறீர்கள். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பலருக்கு நல்லதுதான், ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் டெல்மிசார்டான், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகள் சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

சரி, கால் வீக்கம். சாயந்திரம் செருப்பு வார் பதிந்த தடம் தெரிகிறதா, கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தினால் குழி விழுகிறதா, காலையில் எழுந்ததும் பெரும்பாலும் வடிந்திருக்கிறதா, இரண்டு காலிலும் ஒரே மாதிரி இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் மருந்தின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். அம்லோடிபின் தமனிப் பக்கத்தைத் தளர்த்துகிற அளவுக்குச் சிரைப் பக்கத்தைத் தளர்த்துவதில்லை, அதனால் இரண்டுக்கும் நடுவில் உள்ள மயிரிழைக் குழாய்களான தந்துகிகளில் அழுத்தம் கூடி நீர் கசிந்து திசுவில் நின்றுவிடுகிறது. உடம்பில் உப்பும் நீரும் மிஞ்சியதால் வந்த வீக்கம் இல்லை என்பதால் நீர் மாத்திரை இதற்குச் சரியாகக் கேட்காது. அளவைக் குறைப்பது, சிரைகளையும் தளர்த்தக்கூடிய டெல்மிசார்டான் வகையைச் சேர்ப்பது, அல்லது மருந்தையே மாற்றுவது என்று டாக்டருக்கு வழிகள் இருக்கின்றன. நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த மருந்தில் பாதி உடம்பை விட்டுப் போகவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும், அதனால் இரண்டு நாள் நிறுத்திவிட்டு 'பிபி ஏறவில்லையே' என்று ஏமாந்துபோகிறவர்கள் நிறைய. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அது வேறு கதை, அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

கடைசியாக மாத்திரை அட்டைகளை எடுத்து மேசையில் பரப்புங்கள். பிபி மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'எச்' அல்லது 'சிடி' என்று ஒட்டியிருந்தால் பெரும்பாலும் தயசைடு வகை நீர் மருந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள். அது சிறுநீரில் கால்சியம் போவதைக் குறைக்கும், கூடவே கால்சியமும் வைட்டமின் டி-யும் அதிகமாகச் சாப்பிட்டால் ரத்தக் கால்சியம் நிஜமாகவே ஏறலாம். நீங்கள் பயந்த மோதல் இருப்பதானால் இங்கேதான் இருக்கிறது. அப்படி இருந்தால் இரண்டு டாக்டருக்கும் சொல்லிவிட்டு ஒரு தடவை ரத்தக் கால்சியம் பார்த்துக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவரானால் அதற்கும் கால்சியத்துக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. கால்சியம் கார்பனேட் என்று அட்டையில் இருந்தால் சாப்பாட்டோடு, மதியமோ இரவோ. அம்லோடிபினை காலையில் போட்டாலும் ராத்திரி போட்டாலும் ஒன்றுதான், தினமும் அதே நேரம் என்றால் சரி.