இன்ஜினியரிங் முடித்தவர் தொழில்நுட்ப வழக்குகள் நடத்தும் வக்கீலாக முடியுமா? படித்த படிப்பு கோர்ட்டில் உதவுமா?

தாராளமாக ஆகலாம். நான் இ.சி.இ. படித்து, கொஞ்ச காலம் எம்பெடட் சாஃப்ட்வேர் எழுதிவிட்டு, மூன்று வருட எல்.எல்.பி. முடித்து சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தவன். அந்தப் படிப்பு அதிகம் கைகொடுப்பது கோர்ட் ஹாலில் அல்ல, அதற்கு முன்னால் கட்டுக் கட்டாக ஆவணங்களைப் படிக்கும் மேசையில்.

ஓர் உதாரணம். வேலையை விட்டுப் போனவர் சோர்ஸ் கோடைத் திருடிவிட்டார் என்று ஒரு கம்பெனி வழக்குப் போட்டது. நாங்கள் அந்த ஊழியர் பக்கம். அதிகாலை 3.40-க்கு, ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து அவர் லாகினிலிருந்து கோடு முழுக்க இறங்கியிருக்கிறது என்று மனுவில் பத்தி பத்தியாக எழுதியிருந்தார்கள். ஆதாரமாக சர்வர் லாக் பிரிண்ட் அவுட். அதில் ஒவ்வொரு நேரத்துக்கும் பின்னால் ‘இசட்’ என்று ஓர் எழுத்து. நேரம் இந்திய நேரத்தில் அல்ல, யு.டி.சி. என்னும் உலகப் பொது நேரத்தில் பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். இந்திய நேரத்துக்கு மாற்ற ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் காலை 9.10. ஆபீஸுக்கு வந்ததும் எல்லா டெவலப்பரும் செய்கிற வேலைதான் அது. சீனியரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்; குறுக்கு விசாரணையில் சிஸ்டம் அட்மினிடம் அவர் மூன்றே கேள்விதான் கேட்டார்.

இந்த மாதிரி வேலை இப்போது கூடியிருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் (கோர்ட்டில் எது ஆதாரம் என்று சொல்லும் சட்டம்) 63-ஆவது பிரிவுப்படி, மின்னணு ஆவணத்தோடு தரும் சான்றிதழுக்கு இரண்டு பகுதி. ஒன்றில் ஆவணத்தைத் தருபவர் கையெழுத்து, மற்றதில் நிபுணர் கையெழுத்து. ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும்; அது ஃபைலின் கைரேகை மாதிரி, உள்ளே துளி மாறினாலும் அதுவும் மாறிவிடும். ஃபைலைத் திறந்து ‘சேவ்’ கொடுத்துவிட்டு ஹாஷ் எடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல சேம்பர்களில், அதாவது வக்கீல் அலுவலகங்களில், சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, இடைஞ்சல் எங்கே? இன்ஜினியர் புத்தி எப்போதும் ‘எது நல்ல டிசைன்’ என்றுதான் போகும். காப்புரிமை வழக்கில் அது யாருக்கும் வேண்டாம். நம்ம ஊர் பஜாஜ் - டி.வி.எஸ். வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் காப்புரிமை பஜாஜுடையது, டி.வி.எஸ்.ஸின் ஃபிளேம் பைக்கிலும் இரண்டு பிளக், ஆனால் மூன்று வால்வு. மைலேஜ் யாருக்கு அதிகம் என்பதல்ல பிரச்சினை. காப்புரிமையின் கிளெய்மில், அதாவது எதற்கு உரிமை என்று வரையறுக்கும் பகுதியில், எழுதியிருக்கும் வாக்கியத்துக்குள் மூன்று வால்வு எஞ்சின் அடங்குமா, அடங்காதா? 2008-ல் தனி நீதிபதி டி.வி.எஸ்.ஸுக்கு இடைக்காலத் தடை போட்டார், 2009-ல் இரு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் அதை நீக்கியது. அப்புறம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இதற்கு நடுவே ஃபிளேம் ஒற்றைப் பிளக்கோடு கடைக்கு வந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி: வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருக்க, இன்ஜினியர்கள் ஒரு பிளக்கைக் கழற்றிவிட்டு வண்டியை விற்றார்கள். கடைசியில் 2019-ல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

அந்த மாதிரி வாக்கியத்தை ஒரு மணி நேரம் உட்கார்ந்து முறைத்துப் பார்க்கப் பொறுமை இருந்தால் வாருங்கள். நீதிபதிக்குத் தொழில்நுட்பப் பாடம் எடுக்கும் ஆசை இருந்தால் சீக்கிரம் அடி விழும். அவர் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், அதுவும் முதல் வாக்கியத்திலேயே.

பணம் பற்றிக் கேட்காமல் விட்டுவிட்டீர்கள், நானே சொல்கிறேன். ஐ.டி. சம்பளத்தை மறந்துவிடுங்கள். ஜூனியர்களுக்குச் சென்னை போன்ற நகரங்களில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய் தர வேண்டும் என்று 2024-ல் வக்கீல்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. எல்லா சேம்பரிலும் கிடைக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். முழு நேர வேலையில் இருந்துகொண்டே பிராக்டீஸ் செய்யவும் பார் கவுன்சில் விதி இடம் தராது. கையில் ஓரிரு வருடச் செலவுக்குச் சேமிப்பு இருக்கட்டும்.

இன்னொன்று, காப்புரிமை ஏஜென்ட் (மற்றவர்களுக்காகக் காப்புரிமை விண்ணப்பம் தயாரித்துக் கொடுப்பவர்) தேர்வை விட்டுவிடாதீர்கள். காப்புரிமை வழக்கை எந்த வக்கீலும் வாதாடலாம். ஆனால் ஏஜென்ட்டாகப் பதிவு செய்ய அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் கட்டாயம். உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. லா காலேஜில் சேரும் முன்பே தேர்வை எழுதலாம், அதில் வரும் வருமானம் முதல் சில வருடம் வீட்டு வாடகைக்காவது ஆகும்.