நெல்லைப் பக்கம் ஃபிலிமில் படம் எடுப்பவர்கள், எடுத்ததை யாரிடம் காட்டிக் கற்றுக்கொள்கிறீர்கள்?

கேள்வி கேட்டவர் தாத்தாவின் யாஷிகாவில் முதல் ரோலை முடித்திருக்கிறார். லேபிலிருந்து ஸ்கேன் மட்டும் வந்திருக்கிறது, படங்கள் வெளிறிக் கிடக்கின்றன. கேமரா கோளாறா, கழுவியதில் கோளாறா என்று தெரியவில்லை. நாலு பேரிடம் காட்டினால் நாலு விதமாகச் சொல்கிறார்கள் என்கிறார்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஸ்கேனைப் பார்த்து யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. ஸ்கேனர் தன் பாட்டுக்கு வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் இழுத்து நிரவிவிடும். நன்றாக வந்த ஃபிரேமும் சுமாரான ஃபிரேமும் செல்போன் திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். என் பதில் இதுதான்: நெகட்டிவைக் காட்டுங்கள், அதாவது கழுவி வந்த ஃபிலிமையே. வெளிச்சம் பட்ட இடம் அதில் கறுப்பாக, இருட்டு வெளுப்பாகத் தலைகீழாகத் தெரியும். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் திருநெல்வேலியில் இன்னும் இருக்கிறார்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவோம். பள்ளிக்கூட டீச்சர், பேங்க் ஊழியர், கல்லூரிப் பையன்கள் என்று கலந்த கூட்டம். நடுவில் அடியிலிருந்து வெளிச்சம் வரும் ஒரு லைட் பாக்ஸ், பெரிதாக்கிப் பார்க்க ஒரு லூப். டவுனில் பல காலம் ஸ்டுடியோ வைத்திருந்த ஓர் அண்ணாச்சியும் வருவார். ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே கல்யாண வீடுகளுக்குப் போய் எடுத்தவர். அவர் கண் முதலில் படத்துக்குப் போகாது. ஃபிலிமின் ஓரத்துக்குத்தான் போகும்.

ஓரத்தில் ஃபிலிமின் பெயரும் ஃபிரேம் எண்களும் இருக்கும் இல்லையா? அவை ஆலையிலேயே வெளிச்சம் காட்டிப் பதித்தவை. உங்கள் கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது; படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் மருந்தில் இறங்கும்போதுதான் அவை வெளியே வரும். அதனால் எண்கள் கறுப்பாக, தெளிவாக இருந்து படம் மட்டும் மெலிந்திருந்தால், கழுவியது சரி, எடுக்கும்போதுதான் வெளிச்சம் பத்தவில்லை. எண்களும் சேர்ந்து மங்கியிருந்தால் டெவலப்பர் பழசு, அல்லது நேரம் குறைவு. எண்கள் பளிச்சென்று இருந்து ஃபிரேமே இல்லாமல் வெறும் கண்ணாடி போல இருந்தால் ரோல் உள்ளே நகரவே இல்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. எண்ணும் இல்லை, படமும் இல்லை என்றால் டெவலப்பர் வேலையே செய்யவில்லை, அல்லது கடைசியில் படத்தை நிலைநிறுத்த ஊற்ற வேண்டிய ஃபிக்சரை முதலில் ஊற்றியிருக்கிறார்கள்.

போன தடவை கல்லிடைக்குறிச்சிப் பையன் ஒருவன் ஒரு ரோலைக் கொண்டுவந்தான். அண்ணாச்சி அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஏல, நம்பரெல்லாம் கறுப்பா நல்லாத்தான இருக்கு. வெளிச்சம் காணாம எடுத்திருக்கே” என்றார்.

“இல்ல அண்ணாச்சி, மீட்டர் சரியாத்தான் காட்டிச்சு.”

“மீட்டர் எதப் பாத்துச்சு? வானத்தப் பாத்துச்சா, ஆள் மூஞ்சியப் பாத்துச்சா?”

அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “வானத்ததான்” என்றான். ஆற்றங்கரையில் மேற்கே பார்த்து எடுத்த ரோல் அது. வானம் அவ்வளவு பிரகாசமாக இருந்தால் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் அதை நடுத்தரச் சாம்பலாகக் கணக்குப் பண்ணி, ஃபிலிமுக்குப் போகும் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லும். முகம் இருட்டில் போய்விடும். அடுத்த ரோலில் கேமராவைத் தரைப் பக்கம் சாய்த்து அளந்துவிட்டு, பிறகு நிமிர்த்தி எடுத்திருந்தான். நெகட்டிவில் நிழல்கள் நிரம்பியிருந்தன.

இன்னொரு சோதனையும் அண்ணாச்சி கற்றுக்கொடுத்தார். நெகட்டிவை அன்றைய பேப்பர் மேல் வைத்து, அதிலுள்ள மிகக் கறுத்த இடத்தைப் பாருங்கள். வெயில் பட்ட வெள்ளை வேட்டி, சுண்ணாம்புச் சுவர் மாதிரியான இடம். அதன் ஊடாகக் கீழே உள்ள அச்செழுத்தைக் கண்ணைக் கூர்ந்து பார்த்தால் மட்டுக்கும் வாசிக்க முடிந்தால் கழுவியது பதம். எழுத்து தாராளமாகத் தெரிந்தால் நேரம் பத்தவில்லை, அறவே தெரியாவிட்டால் மிஞ்சிவிட்டது. தோராயமான அளவுதான், ஆனால் கருவி எதுவும் வேண்டாம்.

கறுப்புப் பட்டையாகப் பழுது வந்திருந்தால் அது ஃபிலிம் ஓரத்துப் பல் துளைகள் வரை நீள்கிறதா என்று பாருங்கள். நீண்டால் கேமரா முதுகு மூடியில் வெளிச்சம் ஒழுகுகிறது. பழைய கேமராக்களில் மூடி ஓரத்து நுரைப் பட்டை நம் ஊர்ச் சூட்டுக்குத் தார் மாதிரி இளகிப் போயிருக்கும். சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு ஒட்ட வேண்டும். பட்டை ஃபிரேமுக்குள்ளேயே நின்றால் லென்ஸ் வழியாக வந்த வெளிச்சம். ஃபிரேம் அளவுக்கு வெட்டிய ஸ்கேனில் இந்த ஓரம் இருக்கவே இருக்காது.

வீட்டிலேயே கழுவலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கறுப்பு வெள்ளையைக் கட்டாயம் கழுவலாம். ஆனால் புத்தகங்களும் டப்பாக்களும் சொல்கிற 20 டிகிரி நமக்கு மார்கழியிலும் சிரமம். சித்திரையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் குழாயில் சுடச்சுட வரும். நாங்கள் 24 டிகிரியை வைத்துக்கொண்டோம். இல்ஃபோர்ட் எச்பி5 ஃபிலிமை டி-76 டெவலப்பரில் சரிபாதி தண்ணீர் கலந்து கழுவினால் 20 டிகிரியில் 11 நிமிடம். 24 டிகிரியில் அது ஏழரை, எட்டு நிமிடமாகிவிடும். அதற்கு மேல் சூடு ஏறினால் நேரம் ஐந்து நிமிடத்தை நெருங்கும், அப்போது வானத்தில் திட்டுத்திட்டாக விழ வாய்ப்பு உண்டு. முந்தின இரவே காருக்குறிச்சி மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பாதி வேலை முடிந்திருக்கும். மிச்சத்துக்குப் பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் தண்ணீர். முக்கியம் என்னவென்றால், ஃபிக்சரும் கடைசியில் அலசுகிற தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். குளிர்ந்த ஃபிலிமைத் திடீரென்று சூடான குழாய்த் தண்ணீரில் காட்டினால் மேல் பூச்சு சுருங்கி, படம் முழுக்கப் பொடிச் சுருக்கமாகத் தெரியலாம்.

தாமிரபரணித் தண்ணீர் வருகிற வீடு என்றால் அலசக் கவலை இல்லை. போர் தண்ணீர் என்றால் காய்ந்ததும் உப்புத் தடம் நிற்கும். கடைசி அலசலுக்கு மட்டும் கடையில் விற்கிற பேட்டரி வாட்டர் (உப்பு நீக்கிய தண்ணீர்) வாங்கிக்கொள்ளுங்கள். கலர் ஃபிலிமுக்கு இந்த ஊர்ச் சூடு ஒத்தாசைதான். சி-41 கெமிக்கலுக்கு வேண்டியதே 38 டிகிரி.

கூட்டத்தில் நாங்கள் வைத்திருக்கும் ஒரே கண்டிப்பு, நல்ல படங்களை மட்டும் பொறுக்கிக் கொண்டுவரக் கூடாது. முழு ரோலும், எடுத்த வரிசையிலேயே வேண்டும். டீச்சர் கூந்தன்குளத்துக்குப் போய் எடுத்துவந்த ரோலை வைத்து இதைச் சொல்லலாம். அங்கே சங்குவளை நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லை மரங்களில் கூடு கட்டும். அவரிடம் இருந்தது தூரத்தைப் பக்கத்தில் இழுத்துக் காட்டாத 50 எம்எம் லென்ஸ் ஒன்றுதான். ரோலின் முதல் பாதி முழுக்க வானத்தில் புள்ளி புள்ளியாகப் பறவை. நடுவில் கேமரா மெல்லக் கீழே இறங்குகிறது: எச்சம் விழுந்து வெளுத்த ஓட்டுக் கூரை, கூட்டுக்கு நேர் கீழே பாத்திரம் தேய்க்கிற அம்மா, மேலே நிமிர்ந்துகூடப் பார்க்காத பிள்ளைகள். பறவையை அக்கம்பக்கத்து ஆள் மாதிரி நடத்துகிற ஒரு ஊர் அந்தக் கடைசி ஃபிரேம்களில் வந்துவிட்டது. அவர் முதல் பாதியில்தான் தேடிக்கொண்டிருந்தார். மேசையில் முழு ரோலும் இருந்ததால்தான் மற்றவர்கள் பின்பாதியைக் காட்டிப் பேச முடிந்தது. பொறுக்கிய நாலு பறவைப் படத்துக்கு “சூப்பர்” என்று சொல்வதில் அவருக்கு என்ன கிடைத்திருக்கும்?

தேரிக்காட்டுப் படங்களை வைத்து ஒருநாள் முழுக்க வாக்குவாதம் நடந்தது. நண்பர் ஒருவர் வானம் கறுக்கட்டும் என்று சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்திருந்தார். வானம் கறுத்தது, கூடவே அந்தச் செம்மண் மேடெல்லாம் கடற்கரை மணல் போல வெளுத்துவிட்டது. சிவப்புக் கண்ணாடி சிவப்பை உள்ளே விடும், நீலத்தைத் தடுக்கும். கறுப்பு வெள்ளையில் செம்மண் வெளுக்காமல் என்ன செய்யும்? எனக்கு அந்தப் படங்கள் பிடித்திருந்தன. தேரியைத் தெரிந்தவர்கள் ஒப்பவில்லை. பச்சை ஃபில்டர் போட்டால் மண் கறுக்கும் என்று முடிவாகி, அடுத்த முறை இரண்டும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். நான் இன்னும் வெளுத்த தேரியின் கட்சிதான். அந்த மேட்டில் உச்சி வெயிலில் நின்றவனுக்கு அது அப்படித்தான் கண்ணைக் கூசும்.

நெல்லையப்பர் ஆனித்தேருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரதவீதியில் பாதி வெயில், பாதி கட்டட நிழல். வடம் பிடிப்பவர்களில் பாதிப் பேர் தேர் நிழலுக்குள் நிற்பார்கள். சாரல் மேகம் வேறு வந்து வந்து மறைக்கும். எச்பி5 போட்டால் மீட்டரில் ஐஎஸ்ஓவை (ஃபிலிமின் வேகம்) 400 என்று வைக்காமல் 200 என்று வைத்து, கூடுதல் வெளிச்சம் விழும்படி எடுக்கிறோம். கழுவும்போது ஒரு நிமிடம் குறைக்கிறோம். வேட்டி வெளுத்து ஓடாமல் நிற்கும், நிழலில் நிற்பவர் தோளில் வியர்வை தெரியும். நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும். விழாத நிழலைப் பிறகு யாராலும் கொண்டுவர முடியாது.

லேபில் ரோலைக் கொடுக்கும்போதே நெகட்டிவ் திரும்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பல இடங்களில் கேட்டால்தான் தருவார்கள். ஆறு ஆறு ஃபிரேமாக வெட்டி உறையில் போட்டு வாங்குங்கள்.

அதன் அருமை 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்களுக்குத் தெரிந்தது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்கள் ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சியைத் தேடி வந்தார்கள். பிரிண்டுகள் பிளாஸ்டிக்கோடு ஒட்டி, உரித்தால் முகம் கையோடு வந்தது. நெகட்டிவ் இருந்தவர்களிடம் அவர் சொன்னது, “காய விட்டுராதீய, அப்படியே நல்ல தண்ணியில போட்டு வைங்க.” நனைந்த பூச்சு உறைக்குள் காய்ந்தால்தான் ஒட்டும், ஈரமாக இருக்கும்வரை பிரிக்கலாம். ஒவ்வொரு துண்டாகக் குளிர்ந்த நீரில் பிரித்து, சேறு போக அலசி, விரல் படாமல் நிழலில் தொங்கவிட்டோம். எல்லாம் பிழைக்கவில்லை. பிழைத்தவற்றிலிருந்து சில கல்யாணங்களுக்கு மறுபடி பிரிண்ட் போட்டுக் கொடுத்தார் அண்ணாச்சி. இப்போது எங்கள் எல்லோர் வீட்டிலும் நெகட்டிவ் ஃபைல் இருப்பது சுவர் அலமாரியில், நெஞ்சு உயரத்துக்கு மேலே. மாடிச் சூடு இறங்குகிற பரணில் வைப்பதில்லை, பீரோவின் அடித்தட்டிலும் வைப்பதில்லை.