எல்லை தாண்டும் வழக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

சட்டம் இரண்டாமாண்டு படிக்கிறேன். தமிழ், ஆங்கிலம், மலாய் தெரியும். சீனம் ஓரளவு பேசுவேன். பல நாடுகளுக்கிடையிலான வழக்குகளை நடத்தும் வழக்கறிஞராக ஆசை. நீதிமன்றத்துக்கு வெளியே தகராறு தீர்க்கும் நடுவர் மன்றங்களில் எல்லாம் ஆங்கிலம்தான், தன்விவரத்தில் தமிழைப் போட்டால் இடம்தான் அடைக்கும் என்கிறார் மூத்த மாணவர் ஒருவர். அடுத்து ஜப்பானிய மொழி கற்கலாமா, பஹாசா இந்தோனேசியாவா? எந்த நாட்டில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்வது நல்லது?

ம., தெம்பனிஸ், சிங்கப்பூர்

அன்புள்ள ம.,

பதிவு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எத்தனை மொழி தெரிந்தாலும் உரிமம் நாட்டுக்கு நாடு தனி. வெளிநாட்டு வழக்கறிஞர்கள் அவ்வப்போது வந்து ஆலோசனை சொல்லிவிட்டுப் போகலாம், நிலையாகத் தொழில் நடத்தக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது. நீங்கள் இங்கே சிங்கப்பூரில் வழக்கறிஞராவதற்கான பார்ட் பி தேர்வையும் பயிற்சியையும் முடியுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

மூத்த மாணவர் சொன்னதில் பாதி உண்மை. அமேசானுக்கும் இந்தியாவின் ஃபியூச்சர் குழுமத்துக்கும் நடந்த தகராறில், சிங்கப்பூர் அனைத்துலக நடுவர் மன்ற மையத்தின் விதிப்படி 2020இல் அவசர நடுவர் இட்ட தடை செல்லும் என்று 2021இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்றது. அந்தக் கோப்புக்கு ஆங்கிலம் போதும். ஆனால் எல்லை தாண்டும் வழக்கு என்றதும் நடுவர் விசாரணைகள் நடக்கும் மேக்ஸ்வெல் சேம்பர்ஸ் கட்டடம் மட்டும்தானா உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது? புதுக்கோட்டையில் வட்டிக்கு வாங்கி, சென்னையில் முகவரிடம் கட்டி, இங்கே துவாஸ் தொழிற்பேட்டையில் கை நசுங்கியவரின் வழக்கு எந்த எல்லையைத் தாண்டவில்லை?

கொஞ்ச நாளாக இதே நினைப்புதான். லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் ஓர் இலவசச் சட்ட ஆலோசனைக் கூடத்தில் உதவிக்கு உட்கார்ந்திருந்தேன். ஒரு தொழிலாளி பிளாஸ்டிக் உறையைப் பிரித்து வேலை அனுமதி அட்டை, மருத்துவ விடுப்புச் சீட்டுகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். விபத்து எந்தத் தேதி என்று கேட்டதற்கு அக்காள் கல்யாணக் கடனிலிருந்து தொடங்கினார். எதிரே இருந்த இளம் வழக்கறிஞர் தமிழர்தான். “தேதியை மட்டும் சொல்லுங்கள்” என்றார். மனிதர் வாயை மூடிக்கொண்டார். பிறகு தேநீர் வாங்கிக் கொடுத்துப் பேசவிட்டபோது வந்தது: தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு, காவடி எடுக்க விடுப்புக் கேட்டிருந்த சமயம். இங்கே வேலைக் காய இழப்பீட்டை விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோர வேண்டும். அடுத்த தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது.

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் இருப்பாரே என்பீர்கள். இருப்பார். நீங்கள் கேட்பதை அவர் தமிழில் சொல்வார்; எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லித் தர மாட்டார்.

தமிழ் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பாட்டி பேசும்போது கைப்பேசியைத் தொடாமல் அரை மணி நேரம் கேட்டதுண்டா? சாட்சியை விசாரிக்க அதைவிட நல்ல பயிற்சி எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது, பெண்ணே. அதைச் செய்யாமல் மொழிகளை வளையல் போல அடுக்கிக்கொண்டே போவதில் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மலாய் தெரிந்தவருக்கு பஹாசா இந்தோனேசியா எளிது, அதையே எடுங்கள். தன்விவரத்தில் தமிழ் இடத்தை அடைத்தால் எழுத்தின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம் என்று அந்த மூத்த மாணவரிடம் சொல்லுங்கள்.

அன்புடன்