தோல் மடிப்பில் ஈஸ்ட்: க்ரீம் பூசுகிறவர்களின் கேள்விகளுக்கு ஒரு மருந்தாளுநரின் பதில்கள்

மேடம், மார்புக்குக் கீழே மடிப்பில் சிவந்து எரிகிறது. வெறும் வியர்வைப் புண்ணா, பூஞ்சையா?

கண்ணாடி முன் நின்று மடிப்பை விரித்துப் பாருங்கள். நடுவில் ஈரப் பளபளப்போடு நல்ல சிவப்பு, ஓரத்தில் தோல் ஊறி வெளுத்து உரிந்திருக்கிறதா? அந்தச் சிவப்புக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி, குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றனவா? அப்படியானால் பெரும்பாலும் கேண்டிடா என்கிற ஈஸ்ட் வகைப் பூஞ்சைதான். படர்தாமரை வேறு மாதிரி இருக்கும்: வட்டமாகப் பரவி, விளிம்பு தடித்துச் செதில் செதிலாக இருக்கும், நடுப்பகுதி தெளிந்து வரும். உரசலால் வந்த வெறும் புண்ணில் இந்தச் சிதறல் புள்ளிகள் இருக்காது. இவற்றில் எது என்று குழப்பமாக இருந்தால் மருத்துவர் ஒரு முறை பார்த்துவிடட்டும்.

க்ளோட்ரிமசோல் 1% பூஞ்சை க்ரீம் வாங்கியிருக்கிறேன். எவ்வளவு பூச வேண்டும், எத்தனை நாள்?

பூசுவதற்கு முன்னால் செய்வதுதான் பாதி வைத்தியம். மிதமான நீரில் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, பத்து நிமிடம் காற்றுப்பட விடுங்கள். ஈரத்தின் மேல் பூசினால் ஈஸ்டுக்கு நாமே பந்தல் போட்டுக் கொடுத்த மாதிரி.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ஒரு கோடு பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகல இடத்துக்கு அது போதும். சிவப்பைத் தாண்டி ஓரிரு சென்டிமீட்டர் நல்ல தோலிலும் சேர்த்துப் பூசுங்கள். தடவி முடித்தபின் வெள்ளையாக அப்பிக்கொண்டு நின்றால் அதிகம் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். மடிப்பில் அப்படித் தேங்கும் க்ரீமே தோலை ஊறவைத்துவிடும்.

நாளுக்கு இரண்டு முறை போதும், இரண்டு வாரமாவது பூச வேண்டும். உங்கள் ட்யூபின் உறையிலோ மருத்துவர் சீட்டிலோ வேறு கணக்கு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். அப்புறம், பூசும் முன்பும் பின்பும் கையைக் கழுவுங்கள்.

நாலாவது நாளே அரிப்பு நின்றுவிட்டது. நிறுத்திவிடலாமா?

வேண்டாம். பூஞ்சையின் செல் சுவருக்கு உள்ளே ஒரு சவ்வு இருக்கிறது. அதற்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு தேவை. க்ளோட்ரிமசோல் அதைத் தயாரிக்க விடாமல் தடுக்கிறது. அதனால் பூஞ்சை வளர முடியாமல் தவிக்குமே தவிர, நாலு நாளில் பூண்டோடு போய்விடாது. அரிப்பு அடங்குவது முதலில், பூஞ்சை ஒழிவது பிறகு.

நண்பர் கொடுத்த ஒரு க்ரீமைத் தொடையிடுக்கில் பூசினேன். இரண்டே நாளில் மாயம் போல மறைந்தது. இப்போது முன்பைவிடப் பெரிதாக வந்திருக்கிறது, ஏன் சார்?

சார் இல்லை, மேடம். பரவாயில்லை.

அந்த ட்யூபை எடுத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த க்ரீம். சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும், அந்த இடத்தின் எதிர்ப்பையும் சேர்த்தே அமுக்கும். பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தொடர்ந்து பூசினால் அந்த மெல்லிய தோல் இன்னும் மெலிந்து வரிவரியாகத் தழும்பு விழும், அது போகாது. இந்தக் கேள்வி எனக்கு எத்தனை முறை வந்திருக்கிறது என்று கணக்கே இல்லை. இனி அதைத் தொடாதீர்கள். தோல் மருத்துவரிடம் போகும்போது அந்த ட்யூபையும் கொண்டுபோங்கள், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

வீட்டில் டெர்பினாஃபின் க்ரீம் மிச்சம் இருக்கிறது. அதையே போடலாமா அக்கா?

படர்தாமரைக்கு அது கெட்டிக்காரன், கேண்டிடாவிடம் அவ்வளவு எடுபடாது. நிஸ்டாட்டின் என்ற பூஞ்சை மருந்து நேர் எதிர்: கேண்டிடாவுக்கு நன்றாகக் கேட்கும், படர்தாமரைக்கு ஒன்றும் செய்யாது. க்ளோட்ரிமசோலும் மைக்கோனசோலும் இரண்டுக்கும் ஆகும், அதனால்தான் எது என்று உறுதியாகத் தெரியாதபோது இவற்றைச் சொல்கிறோம். ஒரு கொசுறு: நிஸ்டாட்டினைக் கண்டுபிடித்தவர்கள் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள். அவர்கள் வேலை பார்த்த நியூயார்க் ஸ்டேட்டின் பெயரைச் சுருக்கித்தான் அந்தப் பெயர்.

முதுகில் தேமல். க்ரீம் பூசி முடித்தும் வெள்ளைத் திட்டு அப்படியே இருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா?

நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். மாவு மாதிரி செதில் உதிரவில்லை என்றால் அனேகமாகத் தேமலை உண்டாக்கும் மலாசீசியா என்ற ஈஸ்ட் போய்விட்டது. நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும், அதற்காக மேலும் மேலும் பூச வேண்டாம். செதில் உதிர்ந்தால், அவ்வளவு பெரிய முதுகுக்கு ட்யூப் ட்யூபாகச் செலவழிப்பதைவிட, கீட்டோகோனசோல் ஷாம்பூவை உடம்பில் தேய்த்து ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுவது எளிது.

குழந்தைக்கு டயபர் இடத்தில் சிவப்பு. துத்தநாகக் களிம்பு போட்டும் குறையவில்லை.

மடிப்புக்குள்ளேயும் சிவந்திருந்தால் ஈஸ்டாக இருக்கலாம். குழந்தை மருத்துவர் பார்த்து பூஞ்சை க்ரீம் எழுதிக் கொடுத்தால், முதலில் அதை மெல்லியதாகப் பூசி, துத்தநாகக் களிம்பை அதன் மேல் போடுங்கள், மாற்றிப் போட்டால் மருந்து தோலைத் தொடாது. பவுடர் வேண்டாம், குழந்தை மூச்சில் இழுத்துவிடும்.

ஒவ்வொரு முறையும் சரியாகி, ஒரு மாதத்தில் திரும்ப வருகிறது.

ரத்தத்தில் சர்க்கரை பார்த்தீர்களா? முதலில் அதைப் பாருங்கள், சர்க்கரை கூடியிருந்தால் ஈஸ்ட் திரும்பத் திரும்ப வரும்.

அப்பா வார்ஃபரின் சாப்பிடுகிறார். மைக்கோனசோல் க்ரீம் போடலாமா?

கேட்டது நல்லதாயிற்று. வார்ஃபரின் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, மைக்கோனசோல் அதன் வேகத்தைக் கூட்டிவிடும். வாயில் தடவும் ஜெல்லில்தான் ஆபத்து அதிகம், ஆனால் தோலில் பூசியும் ரத்தக்கசிவு வந்தவர்கள் உண்டு. வார்ஃபரின் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லாமல் ட்யூபைத் திறக்க வேண்டாம்.